“ஏன் டி.ஓ.?” என்று கேட்டால் உங்கள் மகள் என்ன சொல்வாள்?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் அமெரிக்காவிலேயே பிறந்தவள், உயிரியல் பட்டம் முடித்துவிட்டாள். கல்லூரி மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 3.52, மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 506. போன வருடம் எம்.டி. கல்லூரிகளுக்கு மட்டும் விண்ணப்பித்தாள், ஒரு நேர்காணல்கூட வரவில்லை. இந்த வருடம் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டமான டி.ஓ. தரும் கல்லூரிகளுக்கும் போடலாமா, நேர்காணலுக்கு எப்படித் தயாராவது, “அது என்ன எலும்பு வைத்தியமா?” என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது, ஜூம் நேர்காணலில் என்ன உடுத்துவது என்பவை அவருடைய கேள்விகள்.

நான் டி.ஓ. படித்தவன். மிச்சிகனில் குடும்ப மருத்துவம் பார்க்கிறேன். ஒரு கல்லூரிக்காகச் சில ஆண்டுகள் நேர்காணல் எடுக்கும் குழுவிலும் இருந்தேன்.

முதலில் சொந்தக்காரர்களை முடித்துவிடுவோம். எனக்கு இடம் கிடைத்த செய்தியை அப்பா ஊரில் போய்ச் சொன்னபோது, தெருவே நான் கண் டாக்டராகப் போவதாக முடிவு செய்துவிட்டது. இந்தியாவில் டி.ஓ. என்றால் கண் மருத்துவ டிப்ளமோ அல்லவா. இரண்டு வருடம் அப்பாவும் அதைத் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. அவருக்கு அதுதான் சொல்ல வசதியாக இருந்தது. போதாக்குறைக்கு, நம் ஊரில் எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேலே படிக்கும் பட்டம். அமெரிக்காவில் அது அடிப்படை மருத்துவப் பட்டம், அவ்வளவுதான். டி.ஓ.வும் அதே படியில் நிற்கும் இன்னொரு பட்டம். 50 மாநிலங்களிலும் முழு உரிமம் உண்டு. மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எந்தத் துறையிலும் ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சியில் சேரலாம். டிரம்புக்கு முதல் ஆட்சிக் காலத்தில் மருத்துவராக இருந்த ஷான் கான்லி டி.ஓ., பைடனின் மருத்துவர் கெவின் ஓ'கானரும் டி.ஓ. சொந்தக்காரர்களிடம் இந்த ஒரு வரி போதும். வரலாறு சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முடியாது.

லண்டனில் இருக்கும் சித்தி ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அவர் மேல் தப்பில்லை. இங்கிலாந்தில் ஆஸ்டியோபத் என்பவர் கையால் தசை, மூட்டுகளுக்குச் சிகிச்சை தருபவர். அதற்கெனத் தனிப் பதிவு உண்டு, ஆனால் அவர் டாக்டர் இல்லை. ஒரே பெயர், இரண்டு தொழில்.

ஆனால் உங்கள் மகள் வரலாற்றைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1864-ல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அந்தக் காலத்து வைத்தியம் பாதரச மருந்து, ரத்தம் வடிப்பது என்று இருந்தது. அதில் நம்பிக்கை போய், உடலின் அமைப்பைக் கையால் சீர்செய்தால் உடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்ற கருத்துக்கு வந்தார். 1892-ல் மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார். ஸ்டில் சொன்னதெல்லாம் சரி என்று இன்று எந்த டி.ஓ.வும் வாதாட மாட்டார், ஆனால் அந்தக் கைச்சிகிச்சையை டி.ஓ. மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

எனக்கு இதைவிடச் சுவையாகத் தெரிவது கலிபோர்னியா கதை. 1962-ல் அந்த மாநிலம் புதிதாக டி.ஓ. உரிமம் தருவதை நிறுத்தியது. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் ஒரு சிறு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு 65 டாலர் கட்டினால் எம்.டி. என்று போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். சுமார் 2,000 பேர் அப்படி மாறினார்கள். முந்தின நாள் வரை தகுதியில்லாதவர் என்று சொல்லப்பட்டவர் 65 டாலரில் தகுதி பெற்றுவிட்டார் என்றால், தகராறு மருத்துவத்தைப் பற்றியதே இல்லை என்றுதானே அர்த்தம்? 1974-ல் மாநில உச்ச நீதிமன்றம் டி.ஓ. உரிமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. முழு உரிமையை முதன்முறை தருவதில் கடைசியாக வந்த மாநிலம் மிசிசிப்பி, 1973-ல். 2020-லிருந்து எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் நான்கு பேரில் ஒருவர் டி.ஓ. மாணவர். ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச்சில் கடைசி வருட டி.ஓ. மாணவர்களில் 92 சதவீதத்துக்கு மேல் இடம் பெறுகிறார்கள். எம்.டி. மாணவர்களுக்கு அது 93 சொச்சம். ஆனால் தோல் மருத்துவம், மூளை அறுவை சிகிச்சை போன்ற கடும் போட்டித் துறைகளில் வித்தியாசம் இன்னும் இருக்கிறது. மகளுக்குக் கனவு அதுதான் என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சரி, போடலாமா? தாராளமாகப் போடலாம். எம்.டி. கல்லூரிகளில் சேருபவர்களின் எம்கேட் சராசரி 511, 512 அளவில் நிற்கிறது. டி.ஓ. கல்லூரிகளில் அது சுமார் 504. உங்கள் மகளின் 506 அங்கே கௌரவமான மதிப்பெண். ஜி.பி.ஏ. கொஞ்சம் கீழே, ஆனால் தள்ளிவிடும் அளவுக்கு இல்லை.

எம்.டி.க்கு ஆம்காஸ் போல டி.ஓ. கல்லூரிகளுக்கு அக்கோமாஸ் என்ற பொது விண்ணப்பம். டெக்சஸின் அரசுக் கல்லூரிகளுக்கு வேறு வாசலும் உண்டு. அக்கோமாஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். ஜூனுக்குள் அனுப்பிவிட வேண்டும். கடைசித் தேதி மார்ச், ஏப்ரல் என்று போட்டிருப்பார்கள், அதை நம்பி உட்காராதீர்கள். வர வர இடம் கொடுத்துக்கொண்டே போவார்கள். நம் ஊர்ப் பந்தி மாதிரி, கடைசியில் வந்தவருக்கும் இலை போடுவார்கள், பாயசம் இருக்காது.

இதில் பலர் சறுக்குவது பாடப்பட்டியலில். ஒவ்வொரு கல்லூரியிலும் படித்த ஒவ்வொரு பாடத்தையும் மதிப்பெண்ணோடு கையால் உள்ளிட வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒரு பாடம்கூட விட்டுப்போகக் கூடாது. அது தனிக் கல்லூரி, அங்கிருந்து தனி டிரான்ஸ்கிரிப்ட் வர வேண்டும். பதினோராம் வகுப்புக் கோடை விடுமுறையில் எடுத்த ஒரு கணக்குப் பாடத்தை மறந்துவிட்டு, விண்ணப்பம் திரும்பி வந்து, ஆகஸ்ட் வரை அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், “ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண் மறைந்துவிடும், டி.ஓ.வில் அது வசதி” என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2017-லேயே அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது இரண்டு மதிப்பெண்ணும் கணக்கில் வரும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். முதல் கல்லூரிக்குச் சுமார் 200 டாலர், அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 50, 60 டாலர். அதன்பின் ஒவ்வொரு கல்லூரியும் தன் இரண்டாம் கட்ட விண்ணப்பத்துக்குத் தனியாக வாங்கும். பன்னிரண்டு, பதினைந்து கல்லூரி என்றால் நன்றாகவே இழுத்துவிடும். உங்கள் பக்கத்தில் ரோவன் விர்ச்சுவா நியூ ஜெர்சியின் அரசுக் கல்லூரி, அதை முதலில் வையுங்கள். பிலடெல்பியாவில் 1899-லிருந்து நடக்கும் பி.சி.ஓ.எம்., லாங் ஐலண்டில் என்.ஒய்.ஐ.டி., நியூயார்க்கில் டூரோ. காரில் போய்வரும் தூரத்திலேயே இத்தனை இருக்கின்றன.

இனி நேர்காணல். அங்கே எத்தனை கேள்வி கேட்டாலும் உண்மையான கேள்வி ஒன்றுதான்: ஏன் டி.ஓ.?

என்னையும் கேட்டார்கள். முதல் நேர்காணலில் நரைத்த தலை மருத்துவர் ஒருவர், “நாளைக்கே எம்.டி. சீட் வந்தால் என்ன செய்வாய்?” என்றார். “போகமாட்டேன் சார்” என்று கண் இமைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தாளில் ஏதோ எழுதினார். அந்தக் கல்லூரி என்னைக் காத்திருப்புப் பட்டியலில் போட்டது. பிறகு நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் அவர் ஏன் சிரித்தார் என்று புரிந்தது. பத்தில் எட்டுப் பேர் அதே பொய்யைச் சொல்கிறார்கள். மீதி இரண்டு பேரைத்தான் நினைவு வைத்திருக்கிறோம்.

எம்.டி.க்கும் விண்ணப்பித்திருப்பது குற்றமில்லை, அது எங்களுக்குத் தெரியும். எரிச்சல் தருவது, டி.ஓ. என்றால் என்ன என்று முந்தின இரவு படித்துவிட்டு வருவது. அப்படி வருபவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: “நோயை மட்டும் பார்க்காமல் முழு மனிதரையும் பார்க்க விரும்புகிறேன்.” எம்.டி.க்கள் என்ன அரை மனிதரையா பார்க்கிறார்கள்? டி.ஓ. தத்துவத்தின் நான்கு கொள்கைகளை ஒப்பிப்பதும் இதே ரகம். உடலும் மனமும் ஆன்மாவும் ஒன்று, உடலுக்குத் தன்னைத்தானே சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் உண்டு, அமைப்பும் செயலும் ஒன்றையொன்று சார்ந்தவை, சிகிச்சை இவற்றைப் புரிந்துகொண்டு அமைய வேண்டும். தெரிந்திருக்க வேண்டியவைதான், ஆனால் ஒப்பித்தால் மதிப்பெண் கிடையாது.

எனக்கு நினைவிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவளும் போன வருடம் எம்.டி.க்குப் போட்டுக் கிடைக்காதவள்தான். அதை முதல் நிமிடத்திலேயே சொன்னாள். பிறகு ஒரு டி.ஓ.வின் கிளினிக்கில் வாரம் ஒருநாள் என்று நான்கு மாதம் உட்கார்ந்திருக்கிறாள். கிடங்கில் பெட்டி தூக்கும் ஒருவர் முதுகுவலியோடு வந்திருக்கிறார். டாக்டர் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு காலை நீட்டியபடி தூக்கித் தன் தோள்மேல் வைத்துக்கொண்டார். “குதிகாலால் என் தோளை மெதுவாக அழுத்துங்கள்” என்றார். ஐந்து விநாடி அழுத்தல், பிறகு தளர்வு. காலை இன்னும் இரண்டு விரற்கடை உயர்த்தினார். மறுபடி அழுத்தல், மறுபடி தளர்வு. நாலைந்து முறை. ஆரம்பத்தில் எழும்பாத கால் கடைசியில் நன்றாகவே எழும்பியது. இது தசை ஆற்றல் முறை. பிறகு டாக்டர், நோயாளியின் சம்மதத்தோடு, முதுகில் ஓர் இடத்தில் இந்தப் பெண்ணை விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். “என்ன தெரிகிறது?” “ஒன்றும் தெரியவில்லை.” “ஆறு மாதத்துக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் தெரியும்.”

“அந்த ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் என்னை இங்கே கொண்டுவந்தது” என்றாள் அவள். எங்கள் குழுவில் மூன்று பேர், மூவரும் அவளுக்கு ஒரே மதிப்பெண் போட்டோம்.

அதனால் உங்கள் மகள் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒரு டி.ஓ.வைத் தேடிப் போவது. பெயர்ப் பலகையில் பெயருக்குப் பின் டி.ஓ. என்று இருக்கும். உங்கள் குடும்ப டாக்டரே டி.ஓ.வாக இருக்கலாம், நாம் கவனித்திருக்க மாட்டோம். கிளினிக்கில் கையால் சிகிச்சை செய்பவராகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் படித்த பின் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பல கல்லூரிகள் ஒரு டி.ஓ.விடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்கின்றன, கேட்காத இடத்திலும் அது உதவும். ஒரே ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுக் கடிதம் கேட்டால், “இவர் நேரத்துக்கு வந்தார், மரியாதையாக இருந்தார்” என்று வரும். அது நாங்கள் பார்த்தவுடன் புரட்டிவிடும் கடிதம்.

கட்டுரைக்கும் இதுதான் சரக்கு. இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துகள். எம்.டி.க்கு எழுதியதையே எடுத்து, கடைசிப் பத்தியில் ஆஸ்டியோபதி என்ற சொல்லை ஒட்டவைக்க வேண்டாம். ஒட்டு தெரியும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. “கையால் செய்யும் சிகிச்சையை நம்புகிறாயா?” என்று கேட்பார்கள். முழுதாக நம்புகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட வேண்டியதில்லை. முதுகுவலிக்கு ஆதாரம் உண்டு. 1999-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், 12 வாரச் சிகிச்சைக்குப் பின் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது, ஆனால் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கு மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. மண்டையோட்டு எலும்புகளின் அசைவை விரலால் உணர்ந்து சரிசெய்கிறோம் என்னும் கிளைக்கு ஆதாரம் மிக மெலிது. டி.ஓ.க்களிலேயே பாதிப் பேர் அதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இந்த வித்தியாசத்தை மரியாதையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை, படித்துவிட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். மண்டையோட்டுக் கிளையைச் சேர்ந்தவரே எதிரில் உட்கார்ந்திருந்தால் அன்றைய அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

நேர்காணலின் வடிவம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் ஒருவரோ இருவரோ அரை மணி நேரம் பேசுவார்கள். சில இடங்களில் எம்.எம்.ஐ. என்ற குறுநேர்காணல் சுற்று. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை அது. ஒரு சூழலைப் படிக்க இரண்டு நிமிடம், பேச ஏழெட்டு நிமிடம், மணி அடித்ததும் அடுத்த அறை. “உடன் படிக்கும் நண்பன் காலையில் மருத்துவமனைக்கு வரும்போது மது வாடை அடிக்கிறது, என்ன செய்வாய்?” என்ற மாதிரி இருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் இதில் செய்யும் தவறு, உடனே தீர்ப்பு சொல்வது. “டீனிடம் சொல்வேன்” என்று பத்து விநாடியில் முடித்துவிட்டு மீதி நேரம் விழிப்பார்கள். நோயாளிக்கு இப்போது ஆபத்து உண்டா, நண்பனைத் தனியாக அழைத்துப் பேசினால் என்ன கேட்பேன், அவன் மறுத்தால் அடுத்து என்ன என்று வாய்விட்டு யோசிக்க வேண்டும். விடையைவிட அந்த யோசனையைத்தான் பார்க்கிறோம். இதற்குப் பயிற்சி சாப்பாட்டு மேசையிலேயே செய்யலாம். ஆனால் நீங்கள் நடுவில் குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது, அதுதான் கஷ்டம்.

போன வருடத் தோல்வியைப் பற்றியும் கேட்பார்கள். “என்ன குறை என்று பார்த்தேன், இதை மாற்றினேன்” என்று மூன்று வாக்கியம் போதும். கல்லூரிகளைக் குறை சொல்லவும் வேண்டாம், கண் கலங்கவும் வேண்டாம்.

“எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று கடைசியில் கேட்கும்போது “ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிட்டு வருவது எனக்குப் புரியவே புரியாத பழக்கம். அந்த நேரம் உங்கள் மகளுக்குச் சொந்தமானது. பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மூன்றாம், நான்காம் வருட மாணவர்களை வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்புவார்கள். அது எந்த ஊர், எத்தனை மணி நேரப் பயணம், அந்த மருத்துவமனையில் ரெசிடென்சி உண்டா, இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா என்று கேட்கட்டும். என்னோடு படித்த ஒருவன் இரண்டு வருடத்தில் ஐந்து முறை வீடு மாற்றினான், கடைசியில் கட்டில் வாங்குவதையே நிறுத்திவிட்டான். காம்லெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் முதல் முறையே தேறுபவர்கள் எத்தனை சதவீதம் என்றும் கேட்கலாம். டி.ஓ. மாணவர்களுக்குக் காம்லெக்ஸ் கட்டாயம். போட்டி மிகுந்த துறை வேண்டுமென்றால் எம்.டி. மாணவர்கள் எழுதும் யூ.எஸ்.எம்.எல்.ஈ.யையும் சேர்த்து எழுதுவார்கள். இரண்டு தேர்வு, இரண்டு கட்டணம். அதற்குக் கல்லூரி நேரம் ஒதுக்குகிறதா என்பது நியாயமான கேள்வி.

பணத்தைப் பற்றி நேர்காணலுக்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். 2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு மேல்படிப்புக்கான மத்திய அரசின் கிராட் பிளஸ் கடன் இல்லை. மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு. பல தனியார் டி.ஓ. கல்லூரிகளில் கட்டணமே 60,000 டாலரை ஒட்டி இருக்கிறது, வாடகையும் சாப்பாடும் தனி. மீதிக்கு வங்கிக் கடன், அதற்கு உங்கள் கையெழுத்து. இடம் கிடைத்தால் சில வாரங்களில் முன்பணமும் கட்டச் சொல்வார்கள். பல இடங்களில் அது திரும்பி வராது. உங்கள் மகள் குடியுரிமை உள்ளவள் என்பதால் இந்த அளவாவது வழி இருக்கிறது. எச்-1பி விசாவில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசுக் கடனே கிடையாது, பல கல்லூரிகள் விண்ணப்பத்தையே எடுப்பதில்லை. இதைப் படிக்கும் அப்படிப்பட்ட பெற்றோர் ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஜூம் நேர்காணலுக்கு என்ன உடை என்று கேட்டிருந்தீர்கள். கறுப்போ கருநீலமோ ஒரு கோட், உள்ளே வெளிர் நிறச் சட்டை. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முக்கியமாக, நீங்கள் அந்த அறையில் இருக்காதீர்கள். ஒரு பையனின் நேர்காணல் நடுவே திரையின் ஓரத்திலிருந்து வளையல் போட்ட கை ஒன்று மெதுவாக நீண்டு, ஒரு டம்ளர் காபியை வைத்துவிட்டு மறைந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பாவம் அவனுக்கு அடுத்த பதில் மறந்துவிட்டது. அன்றைக்குக் குக்கரையும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். விசில் சத்தம் மைக்கில் நன்றாகக் கேட்கும்.